விவாகரத்தான படைவீரர் மனைவிக்கும் ஒரு படிவம் வேண்டும்: முன்னாள் படைவீரர் நலத்துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் நலத்துறை,
பாதுகாப்பு அமைச்சகம், புது தில்லி.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தரைப்படையில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார். வேலூர் மாவட்டத்தில் வசிக்கிறேன். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் நிறைந்த பகுதி இது. ஓய்வூதியத் தாள்கள், ஸ்பர்ஷ் என்னும் இணையவழிப் படை ஓய்வூதியக் கணக்கு, ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்று ஆகியவற்றுக்கு உதவி கேட்டு என் வீட்டுக்கு வருவோரில் பெரும்பாலோர் முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய விதவைகளும்தான். படைவீரரிடமிருந்து விவாகரத்துப் பெற்ற பெண்களும், விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும் பெண்களும் இப்போது வரத் தொடங்கியிருக்கிறார்கள். விதவைக்கு நிரப்பிக் கொடுப்பதற்கு என்னிடம் படிவம் இருக்கிறது. இவர்களுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. அந்தப் படிவம் ஏன் தேவை, அதற்கு உங்கள் துறை என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு ஜவானின் மணவாழ்க்கை எப்படி நடக்கிறது என்பது உங்கள் துறைக்குத் தெரியாததன்று. இருபது வயதுக்கு முன்பின்னாகப் படையில் சேர்கிறவர், சில ஆண்டுகள் கழித்து விடுமுறையில் ஊருக்கு வந்து திருமணம் செய்துகொள்கிறார். யூனிட்டுக்குத் திரும்பியதும் அத்திருமணம் பார்ட் டூ ஆர்டர் எனப்படும் பணிப் பதிவில் ஏறுகிறது. அன்றிலிருந்து அரசின் ஆவணங்களில் அவருக்கு மனைவி உண்டு. குவார்ட்டர்ஸ் கிடைக்கும் ஆண்டுகள் சிலவே. மற்ற ஆண்டுகளில் அவர் காஷ்மீரிலோ அருணாசலத்திலோ இருக்க, மனைவி இங்கே மாமியார் மாமனாரைப் பார்த்துக்கொண்டு, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, நிலம் இருந்தால் அதையும் கவனித்துக்கொண்டு இருக்கிறார். குவார்ட்டர்ஸ் கிடைத்துக் கூடவே போனாலோ, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இடமாற்றத்தால் எந்த ஊரிலும் அவரால் நிலையாக ஒரு வேலையில் இருக்க முடிவதில்லை. இருபத்தைந்து வயதில் வேலையை விட்டவரோ, வேலைக்கே போகாதவரோ, நாற்பது வயதில் விவாகரத்தாகி வெளியே வரும்போது அவர் பெயரில் வருங்கால வைப்பு நிதி இல்லை, பணி அனுபவம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அந்தக் குடும்பம் அத்தனை ஆண்டுகளில் சேர்த்த ஒரே நிலையான சொத்து கணவரின் ஓய்வூதியம்தான்.

அந்த ஓய்வூதியத்தைப் படைவீரர் தம் உடலையும் உயிரையும் பணயம் வைத்து ஈட்டினார் என்பதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானும் அதை வாங்குகிறவன். ஆனால் எல்லையில் நின்றவர் வீட்டைப் பற்றிய கவலையில்லாமல் பதினைந்து, இருபது ஆண்டுகள் நிற்க முடிந்ததற்கு வீட்டில் இருந்தவரும் காரணம் அல்லவா? 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு இதையே ஏற்றுக்கொண்டது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், ஊரில் குடும்பத்தை நடத்திய மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றும், அவருடைய வீட்டுழைப்பு இல்லாமல் கணவர் அதைச் சம்பாதித்திருக்க முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. வளைகுடாவில் வேலை பார்த்தவரின் மனைவிக்குப் பொருந்துவது லடாக்கில் பணியாற்றியவரின் மனைவிக்கும் பொருந்தத்தான் வேண்டும்.

இன்று நடைமுறையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கணவர் பணியில் இருக்கும்வரை ஒரு வழி உண்டு. தரைப்படைச் சட்டம், 1950இன் 28ஆம் பிரிவு, படையினரின் சம்பளத்தைச் சிவில் நீதிமன்றம் எதுவும் ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் அவ்வாறே விலக்களிக்கிறது. எல்லைக் காவலில் இருப்பவரைக் கடன்காரர்களிடமிருந்து காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் மனைவி கடன்காரர் இல்லை என்பதால் தரைப்படைச் சட்டமே அவருக்குத் தனி வழியைத் திறந்து வைத்தது. அதிகாரிகளுக்கு 90ஆம் பிரிவின்படியும் மற்றவர்களுக்கு 91ஆம் பிரிவின்படியும், மனைவி மக்களின் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய மேலதிகாரி ஆணையிடலாம். மனைவிக்கு 22 விழுக்காடு, ஒவ்வொரு குழந்தைக்கும் 5.5 விழுக்காடு, மொத்தத்தில் 33 விழுக்காட்டுக்கு மிகாமல் என்பது தரைப்படை கடைப்பிடிக்கும் வரம்பு. மனைவி கமாண்டிங் ஆபீசருக்கு விண்ணப்பம் எழுதினால், கணவரிடம் விளக்கம் கேட்டு, கோப்பு மேலே சென்று ஆணையாகிறது. நேரம் ஆனாலும், வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க வசதியில்லாத ஒரு பெண்ணுக்கு இது பெரிய துணை. இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர்களுக்கு நான் உண்மையாகவே நன்றி சொல்கிறேன்.

ஆனால் அது இரண்டு இடங்களில் அறுந்து போகிறது. முதலாவதாக, அப்பிரிவுகள் மனைவியையும் குழந்தையையும்தான் குறிப்பிடுகின்றன. விவாகரத்தான பெண்ணைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும், மறுமணம் செய்துகொள்ளாத விவாகரத்தான பெண்ணையும் மனைவி என்ற சொல்லில் அடக்கி விளக்கம் தந்திருக்கின்றன. படைச் சட்டத்தில் அந்த விளக்கம் இல்லை.

இரண்டாவது அறுபடும் இடம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. பிடித்தம் என்பது சம்பளத்திலிருந்து. ஜவான் பதினைந்து ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றுவிடுகிறார்; பெரும்பாலோர் நாற்பது வயதை ஒட்டி வெளியே வந்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன நாளோடு படைச் சட்டத்தின் பிடி அவர்மீது இல்லை. அந்த நாளோடு மனைவிக்கு வந்துகொண்டிருந்த தொகையும் நின்றுவிடுகிறது. விவாகரத்துக்கூட ஆகாத, பிரிந்து மட்டும் வாழ்கிற மனைவிக்கும் இதே நிலைதான். குழந்தைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற வயது அது. அடுத்த மாதம் பணம் ஏன் வரவில்லை என்று கேட்டு யூனிட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு, அவர் இப்போது எங்கள் பொறுப்பில் இல்லை என்ற பதில் வருகிறது. சட்டப்படி அந்தப் பதிலில் தவறில்லை. அந்த மனைவி குடும்ப நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நீதிமன்றம் ஜீவனாம்சம் வழங்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சமும் வழங்கலாம். கணவரின் நிகர சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு நியாயமான அளவு என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு வழக்கில் சுட்டிக்காட்டியது. இருதரப்பும் வருமானம், சொத்து விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் வழிகாட்டியது. ஆணை கிடைப்பது ஒன்று. பணம் கைக்கு வருவது வேறொன்று. ஓய்வூதியச் சட்டம், 1871இன் 11ஆம் பிரிவு, அரசு ஓய்வூதியத்தை நீதிமன்ற நடவடிக்கையால் பற்றிக்கொள்வதைத் தடுக்கிறது. மனைவியின் ஜீவனாம்சத்தை மற்றக் கடன்களோடு சேர்த்துப் பார்க்கலாகாது என்று கூறிப் பற்றுகையை அனுமதித்த உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு என்றாலும், அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்து, வாதாடி, ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக அதே வழியில் நடக்க வேண்டியிருக்கிறது. நிலுவைக்காக வாரண்ட் வாங்கிக் கணவரைச் சிறைக்கு அனுப்புவதுதான் பலருக்கு எஞ்சும் ஒரே வழி. நாட்டுக்காகப் பணியாற்றிய ஒருவரை அப்படிப் பிடித்துச் செல்வதைப் பார்க்க யாருக்கும், பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்கும்கூட, மனம் வருவதில்லை.

அதே ஓய்வூதியச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. இனிமேல் வரவிருக்கும் ஓய்வூதியத்தை முன்கூட்டியே பிறருக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்கிறது அது. கணவனும் மனைவியும் சண்டையில்லாமல் பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறார்கள், கணவர் தாமாகவே தம் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்குப் போகட்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படி மனமுவந்து கொடுக்க முன்வந்தாலும், பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் அதை ஏற்று நேரடியாக அவர் கணக்கில் செலுத்தச் சட்டத்தில் இடமில்லை. 1871இல், வட்டிக்காரர்கள் ஓய்வூதியரை மொட்டையடித்துவிடாமல் இருக்க எழுதப்பட்ட பாதுகாப்பு, இன்று அவருடைய குழந்தைகளின் தாய்க்கு எதிராக நிற்கிறது.

ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தொகுத்து முன்பணமாகப் பெறும் வசதியையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். படையினர் 50 விழுக்காடு வரை அவ்வாறு மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பகுதி பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் மாத ஓய்வூதியத்தில் சேரும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஓய்வுபெற்றால், பெருந்தொகை ஒரே நாளில் கைக்கு வந்து செலவாகியும்விடலாம். நீதிமன்றத்தின் முன் வைக்கப்படுவதோ பாதியான மாதத் தொகை. அதன்பின் அகவிலை நிவாரணம் ஆண்டுக்கு இருமுறை உயர்கிறது, ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தில் அடிப்படைத் தொகையும் அவ்வப்போது திருத்தப்படுகிறது. ஜீவனாம்சத் தொகை மட்டும் ஆணையில் எழுதிய எண்ணிலேயே நிற்கிறது. அதை உயர்த்த அவர் மறுபடியும் மனுப்போட வேண்டும்.

கணவர் இறந்தால் நிலைமை இன்னும் மோசம். விவாகரத்தான மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை. ஜீவனாம்சம் கொடுத்துக்கொண்டிருந்தவரும் இல்லை. ஓய்வுக்குப் பின் அவர் மணந்துகொண்ட பெண்ணுக்கு, திருமணமாகி ஓராண்டே ஆகியிருந்தாலும், குடும்ப ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பதை நான் எதிர்க்கவில்லை. அவரும் ஒரு படைவீரரின் விதவை. ஆனால் பணிக்காலத்தில் பதினான்கு ஆண்டுகள் துணையாக இருந்தவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்பது எப்படிச் சரியாகும்? முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியபோது எவ்வளவு மகிழ்ந்தோம்! விவாகரத்துத் தீர்ப்பு வந்தால் அந்த மருத்துவ அட்டையையும் அவர் இழக்கிறார். கேன்டீன் அட்டையைப் பற்றி நான் பேசவே இல்லை. மருந்து வேறு, மளிகை வேறு.

அரசு இதுவரை இரக்கமே காட்டவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். இறந்த ஓய்வூதியரின் விவாகரத்தான மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று 2004இல் வழி செய்யப்பட்டது. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே வழக்குத் தொடுத்திருந்தால், தீர்ப்பு அவர்கள் இறந்த பிறகு வந்தாலும் தகுதி உண்டு என்று 2017இல் அது தளர்த்தப்பட்டது. படையினர் குடும்பங்களுக்கும் அதே ஆண்டில் அது விரிவாக்கப்பட்டது. திருமண வழக்கு நிலுவையில் உள்ள பெண் அரசு ஊழியர், கணவருக்கு முன்பாகத் தம் பிள்ளைகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும்படி கோரலாம் என்று 2024 தொடக்கத்தில் ஓய்வூதியத் துறை அறிவித்தது. ஆக, ஒரு படைவீரரின் மகள் விவாகரத்தாகி வந்தால் அரசு கைகொடுக்கிறது. அந்த மகளைப் பெற்று வளர்த்த தாய் அதே படைவீரரிடமிருந்து விவாகரத்தானால் கைவிடுகிறது. இந்த முரண்பாட்டை உங்கள் துறையில் யாரும் வேண்டுமென்று ஏற்படுத்தவில்லை என்றே நம்புகிறேன். ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு காலத்தில் தனித்தனியாக வந்ததால் நேர்ந்தது இது.

மற்ற நாடுகள் இதே முடிச்சை அவிழ்த்திருக்கின்றன. அமெரிக்காவில் 1981இல் மெக்கார்ட்டி வழக்கில், படை ஓய்வூதியத்தை விவாகரத்தின்போது மாநில நீதிமன்றங்கள் பங்கிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, 1982இல், அந்நாட்டு நாடாளுமன்றம் படையினரின் முன்னாள் வாழ்க்கைத் துணைகளைக் காக்கும் சட்டத்தை இயற்றிப் பங்கிடும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. பணிக்காலத்தோடு பத்து ஆண்டுகள் ஒத்துப்போகும் மணவாழ்வு இருந்தால், நீதிமன்றம் பிரித்துக் கொடுத்த பங்கைப் பாதுகாப்புத் துறையின் நிதி அலுவலகமே முன்னாள் துணைக்கு நேரடியாகச் செலுத்துகிறது. கழிவுகள் போக எஞ்சும் ஓய்வூதியத்தில் பாதி வரை பங்காகப் போகலாம். இருபது ஆண்டுப் பணி, இருபது ஆண்டு மணவாழ்வு, இரண்டும் இருபது ஆண்டுகள் ஒத்துப்போதல் என்ற மூன்றும் நிறைவேறினால், மறுமணம் செய்துகொள்ளாதவரை மருத்துவ வசதியும் தொடர்கிறது. பிரிட்டனிலோ 2000 டிசம்பர் முதல் விவாகரத்து நீதிமன்றம் ஓய்வூதியத்தைப் பகிர்ந்து ஆணையிடலாம். படையினரின் ஓய்வூதியமும் அதில் அடங்கும். பிரிக்கப்பட்ட பங்கு அந்தப் பெண்ணின் சொந்த உரிமையாகிவிடுகிறது.

அவற்றை அப்படியே எடுத்துவந்து நடுமாறு நான் கேட்கவில்லை. அமெரிக்காவின் பத்தாண்டு நிபந்தனை இங்கே வந்தால் ஜவான்களின் மனைவியரில் மிகப் பலர் விடுபட்டுப் போவார்கள்; பதினேழு ஆண்டுப் பணியில் எட்டாவது ஆண்டில் திருமணம் செய்துகொள்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அதுபோலவே, அங்கே ஊன ஈட்டுத்தொகைக்காக விட்டுக்கொடுத்த ஓய்வூதியத்தைப் பங்கிட முடியாது என்று 1989இலும் 2017இலும் வந்த தீர்ப்புகளால், முன்னாள் மனைவியின் பங்கு நடுவழியில் குறைந்துபோகிற சிக்கல் உண்டு. நம்மிடம் ஊன ஓய்வூதியம், பணிக்காலத்துக்கான சேவைக் கூறு, ஊனத்துக்கான ஊனக் கூறு என்று தொடக்கத்திலேயே பிரிந்திருக்கிறது. காலை இழந்தவருக்கு அந்த இழப்புக்காகக் கொடுக்கும் ஊனக் கூறில் யாரும் கை வைக்க வேண்டாம். அது அவருடையது, அவருடையது மட்டுமே. பகிர்வு சேவைக் கூறோடு நிற்கட்டும்.

நான் கேட்பது இதுதான். படைவீரரின் பணிக்காலமும் மணவாழ்வும் ஒத்துப்போகும் ஆண்டுகளைக் கணக்கிட்டு, அதில் பாதியை விவாகரத்தான துணையின் பங்காகக் குடும்ப நீதிமன்றம் தீர்மானிக்கலாம் என்றும், அந்த ஆணை ஸ்பர்ஷில் பதிவானவுடன் பங்கு நேரடியாக அவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்றும் சட்டம் வர வேண்டும். இருபது ஆண்டுப் பணியில் பதினான்கு ஆண்டுகள் மணவாழ்வில் கழிந்திருந்தால், பங்கு 35 விழுக்காடு. 25,000 ரூபாய் ஓய்வூதியத்தில் அது 8,750 ரூபாய். குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 9,000 ரூபாயைக்கூட எட்டாத அத்தொகை ஒரு குடும்பத்தை வசதியாக வைக்காது. வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் ஆகும். தொகையாக எழுதாமல் விழுக்காடாக எழுதினால், நிவாரணம் உயரும்போது இதுவும் தானாக உயரும். அரசுக்கு இதில் ஒரு ரூபாய் கூடுதல் செலவு இல்லை. படையில் இப்போது பெண்களும் நிரந்தரப் பணியில் இருப்பதால், விதி மனைவி என்று எழுதப்படாமல் வாழ்க்கைத் துணை என்று எழுதப்பட வேண்டும்.

இதற்கு 1871ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அது நாடாளுமன்றத்தின் வேலை, காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். ஆனால் உங்கள் துறை அரசாணை வழியாகவே செய்யக்கூடியவையும் உண்டு. விவாகரத்தான மகளுக்கு ஓய்வூதியம் கொடுத்ததும் அரசாணைதான். நீண்டகால மணவாழ்வுக்குப் பின் விவாகரத்தாகி மறுமணம் செய்துகொள்ளாதவருக்குக் குடும்ப ஓய்வூதியத்தில் பங்கு கொடுக்கலாம். இதைப் பிரித்துக் கொடுப்பது புதிய வேலையன்று. விவாகரத்தான மனைவியின் குழந்தைகளுக்கு, அவர்களுடைய தாய் விவாகரத்து ஆகாதிருந்தால் என்ன பெற்றிருப்பாரோ அந்தப் பங்கு உண்டு என்று மத்திய அரசு ஊழியர் ஓய்வூதிய விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. குழந்தை வரை வந்த பங்கு தாயிடம் வருவதற்கு இன்னும் ஓரடிதான் இருக்கிறது. சந்தா செலுத்தி மருத்துவத் திட்டத்தில் தொடரவும் அவருக்கு வாய்ப்பளிக்கலாம். பராமரிப்புப் பிடித்தம் நடந்துகொண்டிருக்கும் ஒருவர் ஓய்வுபெறும்போது, டிஸ்சார்ஜுக்கு ஆறு மாதம் முன்பே மனைவிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகச் சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்யலாம். திருமண வழக்கு நிலுவையில் இருப்பது தெரிந்தால், தொகுப்பு ஓய்வூதிய விண்ணப்பத்தை அந்த நீதிமன்றத்துக்குத் தெரிவித்த பிறகே முடிவு செய்யலாம்.

என் தோழர்கள் சிலர் இதைப் படித்துக் கோபப்படக்கூடும். எல்லையில் இருப்பவனுக்குச் சம்மன் போய்ச் சேராமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கிவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதற்காகத்தான் 1925ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம், போர்க்காலப் பணியிலும் சிறப்புச் சூழலிலும் இருப்பவரின் வழக்கை ஒத்திவைக்க வழி செய்திருக்கிறது. ஒருதலைப்பட்ச ஆணையின் பேரில் ஓய்வூதியம் பிரிக்கப்படக் கூடாது, படைவீரர் தரப்பைக் கேட்ட பிறகே பிரிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையைப் புதிய விதியிலும் சேருங்கள். நானே அதைக் கேட்கிறேன். பங்கு எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருந்தால், வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு விடுமுறை எடுத்து வந்து, வழக்கறிஞருக்குக் கொடுத்து, கடைசியில் வாரண்டுக்குப் பயந்து வாழும் நிலையும் படைவீரருக்கு இராது. குழந்தைகளைப் பார்க்கப் போகும்போது பணப் பேச்சு குறுக்கே வராது என்பதையும் அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஓய்வூதியத் தாள்களோடு கணவன் மனைவி சேர்ந்து எடுத்த கூட்டுப் புகைப்படம் ஒன்றை நாங்கள் இணைக்க வேண்டும். அந்த ஓய்வூதியம் இருவருக்கும் உரியது என்பதை அரசு அப்போதே ஒப்புக்கொள்கிறது. விவாகரத்தான பின்னும் அந்த ஆண்டுகளின் பங்கு நிற்பதற்கு வழி செய்யும் வரைவு ஒன்றைத் தயாரித்து, குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலர்கள், முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஆகியோரின் கருத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்கருத்துக் கேட்பில் விவாகரத்தான பெண்களையும் நேரில் அழைத்துக் கேளுங்கள். வேலூரில் அதை நடத்துவதானால், வரக்கூடியவர்களை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஹவில்தார் எழுத்தர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.